மின்சாரக் கணக்கைத் திறந்து வைப்பது என்றால் என்ன?

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக்குச் சாரலோடு சேர்ந்து வரும் காற்று, ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்கி, சுரண்டை, ஊத்துமலை, கயத்தாறு வரை நிற்கும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்க்கு மேற்கே மழையாகக் கொட்டிக் கேரளத்தின் நீர்மின் அணைகளை நிரப்புகிறது. ஒரே காற்றுதான் மலைக்கு அந்தப் பக்கம் நீர்மின்சாரமாகவும் இந்தப் பக்கம் காற்று மின்சாரமாகவும் ஆகிறது. அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊரில் மின்சாரத் திட்டங்களைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமில்லை. உயர் அழுத்த மின்தடம் யாருடைய வயலுக்கு மேலே போகும், சூரிய மின் பூங்கா வேண்டுமா வேண்டாமா, அடுத்த கோடையில் மின்வெட்டு வருமா என்று எதைப் பேசினாலும், யாராவது ஒருவர் “ஆய்வில் அப்படித்தான் வந்திருக்கிறது” என்று பேச்சை முடித்துவைக்கிறார்.

அந்த வாக்கியத்துக்கு இரண்டு விதமான பதில்களைக் கேட்டிருக்கிறேன். “கம்ப்யூட்டர் போட்ட கணக்கு, தப்பாக இருக்காது” என்பது ஒன்று. “முடிவை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பிறகு போட்டிருப்பார்கள்” என்பது மற்றொன்று. இரண்டுமே கணக்கைப் பார்க்காமல் சொல்லப்படுபவை. பார்க்க முடியாத கணக்கை நம்பலாம் அல்லது சந்தேகிக்கலாம், சரிபார்க்க முடியாது. எரிசக்தி ஆய்வுகளின் கணக்குகளையும் அவற்றுக்கு அடிப்படையான தரவுகளையும் திறந்து வைக்க வேண்டும் என்று பல நாடுகளின் ஆய்வாளர்கள் கேட்டுவருவது இந்த நிலையை மாற்றுவதற்காகத்தான். ஆனால் ‘திறந்து வைப்பது’ என்ற சொல்லையே ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்கிறோம். ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

தவசிப்பிள்ளை எழுதும் பட்டியல்

கல்யாணம் நிச்சயமானதும் தவசிப்பிள்ளையை, அதாவது கல்யாணச் சமையற்காரரை, அழைத்துச் சாமான் பட்டியல் எழுதச் சொல்கிறோம். எத்தனை இலை என்று மட்டும்தான் அவர் கேட்கிறார். ஐந்நூறு என்று சொன்னதும், அரிசி இவ்வளவு, துவரம்பருப்பு இவ்வளவு, தேங்காய் இத்தனை என்று மளமளவென எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார். அவர் மனத்தில் சில விதிகள் இருக்கின்றன. ஓர் இலைக்கு 150 கிராம் அரிசி என்பது போன்றவை அவை. அவற்றோடு நாம் வாய்விட்டுச் சொல்லாத சிலவற்றையும் அவரே எடுத்துக்கொள்கிறார். முகூர்த்தம் காலையில் என்பதால் ஒரு பகுதியினர் டிபனோடு வேலைக்குப் போய்விடுவார்கள், குழந்தைகளுக்கு அரை இலைக் கணக்கு, மழை பிடித்துக்கொண்டால் வெளியூர்க்காரர்கள் குறைவார்கள் என்பனவெல்லாம் அந்தப் பட்டியலுக்குள் எழுதப்படாமல் ஒளிந்திருக்கின்றன.

எண்களை உள்ளே கொடுத்து, விதிகளின் வழியே செலுத்தி, ஒரு விடையை வெளியே எடுக்கும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் மாதிரிக் கணக்கு என்று பெயர். உறுதியாகத் தெரியாத நிலையில் ‘இப்படி இருக்கும்’ என்று வைத்துக்கொள்பவற்றை அனுமானங்கள் என்கிறோம். இந்தக் கட்டுரை முழுவதற்கும் இந்த இரண்டு சொற்களும் வேண்டும்.

இனி, மாப்பிள்ளை வீடு கணவாய்க்கு அப்பால் கேரளத்திலுள்ள புனலூர் என்று வைத்துக்கொள்வோம். எங்கள் பகுதியில் இது புதிதன்று. செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி என்று அந்தப் பக்கத்தோடு இருந்த ஊர்தான். அங்கிருந்து வருகிறவர்களில் பலர் குத்தரிசிச் சோறு எதிர்பார்ப்பார்கள்; கூட்டுக்கறி வகைகளும் பாயசமும் நம் பந்தியைவிட அதிகம் வேண்டியிருக்கும். தவசிப்பிள்ளையின் பெருக்கல் பிசகவில்லை, ஆனாலும் பந்தியில் குறை வரும். காரணம், அவருடைய அனுமானம் வேறு வகைப் பந்திக்கானது. பட்டியலில் ‘அரிசி 75 கிலோ’ என்று மட்டும் இருந்தால் பெண்ணின் தகப்பனாரால் அதை ஒன்றும் செய்ய முடியாது. ‘இலைக்கு 150 கிராம், 500 இலை, அனைத்தும் பச்சரிசி’ என்று எழுதியிருந்தால், “அண்ணாச்சி, இதில் நூறு இலை புனலூர்க்காரர்களுக்கு, அரிசியை மாற்றிப் போடுங்கள்” என்று சொல்ல அவருக்கு இடம் கிடைக்கிறது. சமையல் தெரியாதவர்கூடத் திருத்தக்கூடிய கணக்காக அது ஆகிவிடுகிறது.

மின்சாரத்துக்கு அந்தப் பட்டியலை எழுதுவது எப்படி

சோற்றை முன்கூட்டியே வடித்து வைக்கலாம். மின்சாரத்தைப் பெருமளவில் அப்படிச் சேர்த்துவைப்பது கடினம். மின்கலங்களும், கோவை மாவட்டம் கடம்பாறையில் உள்ளதைப் போல நீரை மேலேற்றி வைத்து வேண்டும்போது இறக்கும் நிலையங்களும் உண்டு. ஆனால் மொத்தப் பயன்பாட்டில் அவற்றின் பங்கு சிறிது. ஆகவே ஒவ்வொரு நொடியும் எவ்வளவு பயன்படுத்தப்படுகிறதோ அவ்வளவு உற்பத்தியாக வேண்டும். இந்தச் சமநிலை குலையாமல் இருக்கிறதா என்பதை மின் அலையின் அதிர்வெண்ணைக் கொண்டு பார்க்கிறார்கள். இந்தியாவில் அது நொடிக்கு 50 சுற்றுக்கு மிக அருகிலேயே இருந்தாக வேண்டும்.

எனவே மின்சாரத்துக்கான மாதிரிக் கணக்கு ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் போடும் கணக்காக இருக்க முடியாது. ஓர் ஆண்டின் 8,760 மணி நேரங்களில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே இலை எண்ண வேண்டும். முதலில், அந்தந்த மணியில் எவ்வளவு தேவை என்ற எண் வேண்டும். 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. கேரளத்தின் உச்சம் அதே கோடையில் 5,000 மெகாவாட்டுக்கு மேல் சென்றது. மெகாவாட் என்பது, ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஆயிரத்தை ஒரே நேரத்தில் போட்டால் இழுக்கும் மின்திறன் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரு மாநிலங்களுக்கும் உச்சம் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. பெரிய தொழிற்சாலைகள் குறைவாகவும் வீட்டுப் பயன்பாடு மிகுதியாகவும் உள்ள கேரளத்தில், வீடுகளில் மின்விசிறியும் ஏ.சி.யும் ஓடும் இரவு நேரத்தில் தேவை உயர்கிறது.

அடுத்து, கையில் உள்ள நிலையங்கள். கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் அலகுகள் இரண்டும் இராப்பகலாக ஒரே சீராக ஓடும் இயல்புடையவை. இடுக்கியின் 780 மெகாவாட் நீர்மின் நிலையத்தைச் சில நிமிடங்களில் கூட்டவும் குறைக்கவும் முடியும். ஆனால் அணையில் இருக்கும் தண்ணீருக்கு ஓர் எல்லை உண்டு. காற்றாலை காற்றிருந்தால் ஓடும். இவற்றுக்கு நடுவே மின்தடங்கள் இருக்கின்றன. திருநெல்வேலியிலிருந்து கணவாய்க்கு அப்பால் இடமண் வரை வரும் 400 கிலோவோல்ட் தடத்தைக் கொச்சி வரை நீட்டும் பணி, நில இழப்பீட்டுச் சிக்கல்களால் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போய் 2019இல்தான் முடிந்தது. வடக்கே, புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் கொண்டுசெல்லும் நேர்மின்னோட்டத் தடம் 2021இல் திறக்கப்பட்டது. ஒரு பக்கம் மின்சாரம் மிஞ்சினாலும், தடத்தின் கொள்ளளவுக்கு மேல் அதை மறுபக்கத்துக்கு அனுப்ப முடியாது. வாய்க்காலின் அகலத்துக்குத்தான் தண்ணீர் போகும் என்பதைப் போலத்தான் இதுவும்.

தேவை, நிலையங்கள், தடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு ஆகிய அனைத்தையும் உள்ளே கொடுத்தபின், ஒவ்வொரு மணியின் தேவையும் நிறைவேற வேண்டும், எந்த எல்லையும் மீறப்படக் கூடாது, மொத்தச் செலவு மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று கணினிக்குக் கட்டளை இடுகிறார்கள். இவ்வாறு வரம்புகளுக்குள் சிறந்ததைத் தேடும் முறைக்கு உகப்பாக்கம் என்று பெயர். பகலில் காற்று நன்றாக அடித்தால் இடுக்கியின் தண்ணீரை இரவுக்கு மிச்சம் வைக்கலாமா, புதிதாகக் காற்றாலை கட்டுவது மலிவா, தடத்தை அகலப்படுத்துவது மலிவா என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்தத் தேடலிலிருந்துதான் விடை வருகிறது.

இங்கே பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். மாதிரிக் கணக்கு ஜோசியம் சொல்வதில்லை. ‘2040இல் இவ்வளவு சூரிய மின்சாரம் இருக்கும்’ என்று செய்தியில் வரும்போது, அந்த வாக்கியத்தின் முன்பாதி காணாமல் போயிருக்கிறது என்று பொருள். தேவை இந்த வேகத்தில் வளர்ந்தால், நிலக்கரி இந்த விலைக்குக் கிடைத்தால், வட்டி இவ்வளவாக இருந்தால் என்று நீளும் அந்த முன்பாதியில்தான் ஆய்வின் உயிர் இருக்கிறது. விடையைச் சொல்லி நிபந்தனையை மறைக்கும் செய்தியை நாம் அன்றாடம் படிக்கிறோம்.

ஓர் எண்ணை மாற்றிப் பார்ப்போம்

அனுமானம் என்ற சொல் சாதாரணமாக ஒலிக்கிறது. அதன் பலத்தை ஒரு சிறு கணக்கில் காட்டுகிறேன். இதில் வரும் தொகைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. எந்த ஒரு திட்டத்தினுடையவையும் அல்ல.

ஒரு மெகாவாட் காற்றாலைக்கு 6 கோடி ரூபாய் ஆகிறது என்றும், அது 25 ஆண்டுகள் ஓடும் என்றும், காற்று எப்போதும் ஒரே அளவில் வீசாததால் தன் முழுத்திறனில் கால்பங்கு அளவுக்கே சராசரியாக உற்பத்தி செய்யும் என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஆண்டுக்கு 21.9 லட்சம் யூனிட் கிடைக்கும். போட்ட 6 கோடியை வீட்டுக்கடன்போல் 25 சமத் தவணைகளில் மீட்க வேண்டும் என்றால், 5 சதவீத வட்டியில் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 42.6 லட்சம், யூனிட்டுக்கு 1 ரூபாய் 94 காசு விழுகிறது. வட்டியை 12 சதவீதமாக மாற்றினால் தவணை 76.5 லட்சம் ஆகிறது. யூனிட் 3 ரூபாய் 49 காசு. பராமரிப்புச் செலவை இரண்டிலும் விட்டுவிட்டேன்.

ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட அனல்மின்சாரம் யூனிட் 3 ரூபாய் என்றால், முதல் கணக்கு ‘காற்றாலை கட்டுங்கள்’ என்கிறது; இரண்டாவது ‘வேண்டாம்’ என்கிறது. காற்று மாறவில்லை, இயந்திரம் மாறவில்லை, கணினியும் ஒன்றுதான். இன்றைய பணத்தையும் வருங்காலப் பணத்தையும் ஒப்பிட ஆய்வாளர் எடுத்துக்கொண்ட ஒரே ஓர் எண், அதாவது கழிவு விகிதம் எனப்படும் அந்த வட்டி, முடிவைத் தலைகீழாக்கிவிட்டது. 300 பக்க அறிக்கையின் பின்னிணைப்பில் சிறிய எழுத்தில் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இல்லாமல் போகும்போது, அறிக்கையைப் படிக்கிறவர் தொழில்நுட்பம் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் பேசுவது அந்த வட்டி.

வரலாற்றில் இதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. ஆஸ்திரியாவின் லாக்சன்பர்க்கில் உள்ள ஐயாசா என்னும் பன்னாட்டு ஆய்வு நிறுவனம், உலகின் எரிசக்தி எதிர்காலத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய பேராய்வை 1981இல் வெளியிட்டது. கணினி மாதிரிகளின் வலிமைக்கு எடுத்துக்காட்டாக அது பேசப்பட்டது. அங்கேயே ஆய்வாளராக இருந்த பில் கீப்பின், அந்தக் கணக்குகளை மறுபடி போட்டுப் பார்த்து, 1984இல் ‘நேச்சர்’ இதழில் தம் முடிவை வெளியிட்டார். விடைகள் பெரும்பாலும் உள்ளே கொடுத்த அனுமானங்களிலேயே எழுதப்பட்டிருந்தன என்றும், செலவுகளைச் சிறிது மாற்றினாலே முடிவுகள் பெரிதும் மாறிவிடுகின்றன என்றும் அவர் காட்டினார். நிறுவனத்துக்குள் இருந்த ஒருவருக்குக் கிடைத்த வாய்ப்பு அது. வெளியே இருந்த ஓர் ஆய்வாளருக்கு அந்தக் காலத்தில் கணக்கின் உட்புறம் எட்டியிருக்காது. அந்த நிறுவனத்தின் ‘மெசேஜ்’ மாதிரியின் வழிவந்த கணினி நிரல் (கணினிக்கான கட்டளைத் தொகுப்பு) இன்று யாரும் இறக்கிப் பயன்படுத்தும் வகையில் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நிறைவோடு குறிப்பிட வேண்டும்.

இதுவரை பார்த்தவை இவை: மாதிரிக் கணக்கு என்பது விதிகளும் எண்களும் அனுமானங்களும் சேர்ந்தது. அதன் விடை அனுமானங்களைப் பொறுத்தது. அனுமானத்தை மாற்றிப் போட்டுப் பார்க்க முடிந்தால்தான் விடையின் பெறுமதி தெரியும்.

தெரிவது வேறு, திறந்திருப்பது வேறு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்டத்தைப் பற்றிய கூட்டத்தில், இந்தக் கணக்கை எப்படிப் போட்டீர்கள் என்று ஒருவர் கேட்டார். எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அறிக்கை இருந்தது; வண்ண வண்ணமாகப் படங்கள் இருந்தன. படங்களுக்குப் பின்னே இருந்த எண்கள் இல்லை. கணக்குப் போட்ட நிரலும் இல்லை. எனக்கு அன்று ஏற்பட்ட ஏமாற்றம்தான் இந்தக் கட்டுரைக்கு விதை. மறைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அப்படிச் செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. வெளியிட்டாலே திறந்துவிட்டதாக அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

தென்காசிச் சாலையில் போகும்போது வேலிக்கு அப்பால் தென்னந்தோப்பு தெரிகிறது. எத்தனை மரம், எந்தக் குலை முற்றியிருக்கிறது என்றெல்லாம் நின்று பார்க்கலாம்; ஒரு காயைத் தொட முடியாது. இப்படிப் பார்க்க மட்டும் விடுவதை வெளிப்படைத்தன்மை என்று சொல்லலாம். அதுவும் பெரிய நன்மைதான். மதில் கட்டி மறைப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் திறந்த தரவு, திறந்த மாதிரி என்று சொல்லும்போது இன்னும் ஒரு படி மேலே போகிறோம். யாரும் எடுத்துக்கொள்ளலாம், தம் தேவைக்கு மாற்றலாம், மாற்றியதை மற்றவருக்கும் கொடுக்கலாம் என்ற அனுமதி அதில் எழுத்துமூலம் இருக்க வேண்டும்.

அந்த எழுத்துமூல அனுமதிக்குப் பெயர் உரிமம். இதைத்தான் ஆர்வத்தோடு தரவு வெளியிடுகிறவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள். நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, கணினி நிரல்களும் அட்டவணைகளும் தரவுத்தொகுப்புகளும் இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் அடங்குகின்றன. உரிமம் எதுவும் எழுதாமல் ஒரு கோப்பை இணையத்தில் ஏற்றினால், ‘எடுத்துக்கொள்’ என்று உரிமையாளர் சொன்னதாக ஆகாது. நேர்மையான ஆய்வாளர் ஒருவர் அதைத் தொடத் தயங்குவார். ‘மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று ஒரு வரி சேர்த்தால் அந்தத் தயக்கம் தீர்ந்துவிடும். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதியவர்களுக்கு இது புதிதாக இராது. அங்கே வழங்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமும் இதே வகைதான். கணவாய்க்கு அந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்தக் கருத்து பழக்கமானது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில், 2017இல் ‘கைட்’ நிறுவனமாக மாறிய ஐ.டி.@ஸ்கூல் திட்டத்தின் வழியே, யாரும் எடுத்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற மென்பொருளையே பல ஆண்டுகளாகக் கற்பிக்கிறார்கள்.

ஆகவே ஓர் எரிசக்தி ஆய்வு திறந்திருக்கிறதா என்று பார்க்க, அறிக்கை கிடைக்கிறதா என்று கேட்டு நிறுத்தக் கூடாது. உள்ளே கொடுத்த தரவு கணினியில் நேராகப் படிக்கக்கூடிய அட்டவணையாகக் கிடைக்க வேண்டும். படமாகவோ அச்சுக்கு ஏற்ற பி.டி.எஃப். பக்கமாகவோ கொடுத்தால், ஆயிரக்கணக்கான எண்களை மறுபடி தட்டச்சு செய்யும் வேலை நம் தலையில் விழும். விதிகளை எழுதிய மூல நிரல், அதாவது கணினிக்குக் கொடுத்த கட்டளைகளின் முழுவடிவம், வேண்டும். அனுமானங்கள் ஒவ்வொன்றும் ஏன் எடுக்கப்பட்டது என்ற காரணத்தோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். இவை மூன்றுக்கும் உரிமம் இருக்க வேண்டும். இவற்றோடு, நிரலை ஓட்டுவதற்கு விலையுயர்ந்த மென்பொருள் ஏதும் தேவைப்படாவிட்டால் இன்னும் நல்லது. கோப்பு இலவசம், அதைத் திறக்கும் சாவிக்கு லட்சக்கணக்கில் பணம் என்றால் தென்காசியில் படிக்கும் மாணவருக்கு அது பூட்டிய வீடுதான்.

அணை நிலவரமும் அடிக்கணக்கும்

திறந்த தரவு என்பது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று நினைப்பவர்களுக்கு நான் காலைச் செய்தித்தாளின் அணை நிலவரத்தைக் காட்டுவேன். பாபநாசம், மணிமுத்தாறு, கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று ஒவ்வோர் அணையின் நீர்மட்டத்தையும் நீர்வரத்தையும் தினமும் பார்த்து, கார் சாகுபடிக்கு நாற்றுப் பாவலாமா என்று தாமே கணக்குப் போடும் விவசாயிகள் எங்கள் பகுதியில் ஏராளம். அதிகாரி ‘தண்ணீர் போதும்’ என்று சொன்னாலும், அவர்கள் தங்கள் குளத்தையும் மடையையும் வைத்து வேறு முடிவுக்கு வருவதுண்டு. எண் கையில் இருப்பதால் அவர்களால் அப்படி வர முடிகிறது.

அதே பக்கத்தில் ஒரு பாடமும் இருக்கிறது. பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 143 அடி. இடுக்கியின் மட்டம் 2,403 அடி. இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைக்கும் ஒருவர், இடுக்கி அணை பாபநாசத்தைப்போல் ஏறத்தாழப் பதினேழு மடங்கு உயரமானது என்று முடிவுகட்டிவிடுவார். உண்மையில் பாபநாசத்தின் எண் அணையின் அடியிலிருந்து அளந்த உயரம். இடுக்கியினுடையது கடல்மட்டத்திலிருந்து அளந்தது. இரண்டும் ‘அடி’ என்றுதான் எழுதப்படுகின்றன. எதிலிருந்து அளந்தது, எந்த அலகில், எந்த நேரத்தில், யார் அளந்தார்கள் என்று தரவோடு சேர்த்து எழுதும் விவரத்தைத் தரவுக் குறிப்பு என்கிறோம். தரவுக் குறிப்பு இல்லாத தரவு, பெயர் ஒட்டாத மருந்துப் புட்டியைப் போன்றது. மின்சாரத் தரவிலும் இதே ஆபத்து உண்டு. ஒரு நிலையத்தின் உற்பத்தி என்று தரப்படும் எண், நிலையம் தன் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொண்டதையும் சேர்த்தா, கழித்தா? ஒரு மாநிலத்தின் தேவை என்பது உண்மையிலேயே மக்கள் கேட்டதா, மின்வெட்டுக்குப் பின் கொடுத்ததா? குறிப்பு இல்லாவிட்டால் இரண்டு நல்ல எண்களைக் கூட்டித் தவறான விடையைப் பெறலாம்.

எங்கெங்கே திறந்திருக்கிறார்கள்

டென்மார்க்கும் பால்டிக் நாடுகளும் சேர்ந்து உருவாக்கிய ‘பால்மொரெல்’ மாதிரி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மூல நிரலோடு வெளியிடப்பட்டது. பிறகு ‘ஓசிமோசிஸ்’, ‘டெமோவா’, ‘பைப்சா’, ‘கல்லியோப்’ என்று பல திறந்த மாதிரிகள் வந்தன. இவற்றை உருவாக்குபவர்கள் ஒன்றுகூடிப் பேசுவதற்கென்று 2014இல் ‘திறந்த எரிசக்தி மாதிரியாக்க முன்முயற்சி’ தொடங்கியது. தரவைப் பொறுத்தவரை, ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் விதி இயற்றி, ஒவ்வொரு நாட்டின் மின்தேவையையும் உற்பத்தியையும் பொதுத்தளத்தில் வெளியிடச் செய்தது. 2015 ஜனவரியில் அந்தத் தளம் இயங்கத் தொடங்கியது.

நம் நாட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 2012இல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது. 2017இல் அரசுத் தரவுகளுக்கென்று தனி உரிமமும் அறிவிக்கப்பட்டது. நாட்டின் மின்தொகுப்பை இயக்கும் கிரிட் இந்தியா (முன்பு போசோகோ என்று அழைக்கப்பட்டது), மாநில வாரியாக எவ்வளவு மின்சாரம் தேவைப்பட்டது, காற்றிலிருந்து எவ்வளவு, நீரிலிருந்து எவ்வளவு என்று அன்றாடம் அறிக்கை வெளியிடுகிறது. திட்டக் குழு 2014இல் வெளியிட்ட ‘2047 எரிசக்திக் கணக்கி’ எனக்கு மிகவும் பிடித்த முயற்சி. 2010இல் பிரிட்டன் அரசு செய்த ஒரு கணக்கியைப் பார்த்து உருவானது அது. ஒவ்வொரு துறைக்கும் நான்கு நிலைகளில் ஒன்றை நாமே தேர்ந்தெடுத்து, 2047இல் நாட்டின் தேவையும் இறக்குமதியும் எப்படி மாறுகின்றன என்று பார்க்கலாம். பின்னர் நிதி ஆயோக் அதைப் புதுப்பித்தது. மணிவாரியான நுட்பம் அதில் இல்லை. ஆயினும் ‘அனுமானத்தை நீயே மாற்றிப் பார்’ என்று ஓர் அரசு தன் மக்களைப் பார்த்துச் சொன்னது சிறிய செய்தியன்று.

கேட்கப்படும் தடைகள்

திறந்து வைத்தால் யாராவது உள்ளே புகுந்து எண்ணை மாற்றிவிட மாட்டார்களா என்று கேட்கிறார்கள். மாற்றுகிறவர் தம் நகலைத்தான் மாற்றுகிறார். மூலம் அப்படியே இருக்கிறது. எந்த வரியை யார், எப்போது திருத்தினார் என்பதும் பதிவாகிறது.

வீட்டு மின்பயன்பாட்டைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஸ்மார்ட் மீட்டர் கால்மணிக்கு ஒருமுறை எடுக்கும் அளவைப் பார்த்தால், ஒரு வீட்டில் எப்போது ஆள் இல்லை என்பதை ஊகித்துவிடலாம். அத்தகைய தரவை வீடு வாரியாக வெளியிடக் கூடாது. ஒரு பீடரில், அதாவது ஒரு பகுதிக்கு மின்சாரம் கொண்டுவரும் தடத்தில், உள்ள நூற்றுக்கணக்கான வீடுகளைக் கூட்டிக் கொடுத்தால் மாதிரிக் கணக்குக்கு அதுவே போதும். துணைமின் நிலையங்களின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போன்றவற்றையும் வெளியிடத் தேவையில்லை. எதை ஏன் மூடி வைத்திருக்கிறோம் என்று எழுதிவிட்டு மூடினால் யாருக்கும் குறையில்லை.

திறந்த கணக்கு என்பதாலேயே அது சரியான கணக்கு என்றும் ஆகிவிடாது. தவறான அனுமானத்தையும் திறந்து வைக்கலாம். அப்போது அதைக் கண்டுபிடிக்க ஒருவருக்கு வழி இருக்கும் என்பதுதான் வேறுபாடு.

கணவாயில் ஒரு சோதனை

இவற்றையெல்லாம் எங்கள் ஊர்க் காற்றிலேயே பொருத்திப் பார்க்கலாம். கல்லூரி மாணவர் ஒருவர் செங்கோட்டைக் கணவாயின் காற்றிலிருந்து எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று கணக்கிட விரும்புகிறார். ஐரோப்பிய வானிலை மையம் ஒன்று, பழைய வானிலைப் பதிவுகளையும் இயற்பியல் விதிகளையும் இணைத்து, உலகம் முழுவதற்கும் 1940 முதல் மணிக்கு மணி காற்றின் வேகத்தைத் தொகுத்து இலவசமாகக் கொடுக்கிறது. ‘எரா-5’ என்பது அந்தத் தொகுப்பின் பெயர். 100 மீட்டர் உயரத்துக் காற்றும் அதில் உண்டு. மாணவருக்குக் கணினியும் பொறுமையும் இருந்தால் போதும்.

ஆனால் அந்தத் தொகுப்பு உலகத்தை ஏறத்தாழ 31 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரே ஒரு காற்றுவேகத்தைத்தான் சொல்கிறது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கட்டத்துக்குள் மலைமுகடும் கணவாயும் அடிவாரச் சமவெளியும் ஒன்றாக அடங்கிவிடும். கணவாயில் குவிந்து வேகமெடுக்கும் காற்று, சராசரியில் கரைந்துபோகும். இங்கே இயற்கையின் ஒரு விதி பிழையைப் பெருக்குகிறது: காற்றிலிருந்து கிடைக்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு 6 மீட்டர் வீசும் காற்று 12 மீட்டர் வீசினால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிறது. உண்மையான வேகம் கணக்கில் எடுத்ததைவிட 10 சதவீதம் மட்டும் கூடுதலாக இருந்தாலும், உண்மையான ஆற்றல் கணக்கில் வந்ததைவிட 33 சதவீதம் கூடுதலாக இருக்கும். முன்பு வட்டி செய்த வேலையை இங்கே காற்றின் வேகம் செய்கிறது.

இதைத் திருத்த, கணவாயிலேயே மாஸ்ட் எனப்படும் உயரமான கம்பம் நட்டு அளந்த அளவு வேண்டும். சென்னையிலுள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம் நாட்டின் பல இடங்களில் இப்படி அளந்திருக்கிறது. காற்றாலை போடுவதற்கு முன் தனியார் நிறுவனங்களும் அளக்கின்றன. அந்த அளவுகள் பொதுவாக வெளியே வருவதில்லை. மாணவர் தம் கணக்கை மூடி வைத்தால், அவருடைய குறைவான விடை ஒரு படமாக மட்டும் எங்காவது சுற்றிவரும். செங்கோட்டையில் காற்று போதாது என்று யாராவது அதை எடுத்துக்காட்டவும் செய்வார்கள். அவர் நிரலையும் தரவையும் உரிமத்தோடு வைத்து, காற்றுவேகத்துக்கு நேராக ‘இது கணவாயில் அளந்தது அன்று; 31 கிலோமீட்டர் கட்டத்தின் சராசரி’ என்று எழுதிவைத்தால், அளந்த எண்ணைக் கையில் வைத்திருக்கும் ஒருவர், ஆய்குடியிலோ புனலூரிலோ இருந்துகொண்டே, அந்த ஒரு வரியை மாற்றிக் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.